கேமராவில் வளர்ந்த வீடு

கட்டடத் தொழிலில் மழையைச் சமாளிக்கலாம், மணல் லாரியைச் சமாளிக்கலாம், வீட்டுக்காரரை மட்டும் யாராலும் சமாளிக்க முடியாது. என்னைப் போலக் கரண்டி பிடித்துப் பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை பார்க்கிற வீட்டுக்காரர்களிடம் நாம் பட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு வீடு கட்டச் சொன்ன ஒருவரிடம் நான் பட்டதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் நாலாங்கிளாசோடு நின்றவன். அந்த நாலாங்கிளாசில் என்னை வெயிலில் நிற்க வைத்த வாத்தியாரை இன்றைக்கும் மனதுக்குள் வைதுகொண்டிருப்பவன். யாரையும் லேசில் மெச்ச மாட்டேன். ஆனால் இந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பல தடவை வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன்.

வீட்டுக்காரர் பெயர் குமரவேல். ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கம், அமெரிக்காவில் டல்லாஸ் என்கிற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை. சம்சாரம் கவிதா, ஒரே பெண் இனியா. இங்கே அவருக்கு என்று இருப்பது அக்கா மணிமேகலை மட்டும்தான். அவர் அதே ஊரில் இந்த மனைக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். இவர்களுடைய அப்பா செத்தபோது குமரவேலால் வர முடியவில்லை. அங்கே இருந்து வேலை செய்ய அவருக்கு அனுமதி உண்டு. ஆனால் ஊருக்கு வந்துவிட்டால், திரும்பிப் போவதற்கு இங்கே பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை வாங்க வேண்டுமாம். அதற்கு நாள் கிடைக்காமல் மாசக்கணக்கில் இங்கேயே மாட்டிக்கொண்டு, வேலையைத் தொலைத்தவர்கள் உண்டாம். அஸ்திவாரத்துக்குக் கடக்கால் போட்ட அன்றே குமரவேல் போனில் என்னிடம் சொன்னார்: "அப்பாவுக்குத்தான் வரல மேஸ்திரி. இந்த வூட்டுக்குப் பால் காய்ச்ச நான் வந்தே தீருவன்." அன்றிலிருந்து வீடு முடிகிற வரைக்கும் எங்கள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான், வருவாரா மாட்டாரா என்று.

தென்னை மரத்துக் கண்

கடக்கால் வேலை முடிகிற சமயத்தில் ஒரு கேமரா வந்து இறங்கியது. ஓரத்துத் தென்னை மரத்தில் அதைக் கட்டி, மேலே ஒரு சோலார் தகடு மாட்டி, உள்ளே சிம் கார்டு போட்டார்கள். திருட்டுப் பயத்துக்கு என்று நினைத்தேன். மறுநாள் காலையில் என் போன் அடித்தது. "மேஸ்திரி, சிமெண்ட் மூட்டை மேல ஆடு ஏறுது பாருங்க" என்றார் குமரவேல். திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே ரெண்டு ஆடு மூட்டை மேல் நின்றுகொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை, உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறவருக்குத் தெரிகிறது. "இந்நேரம் அங்க தூங்கற நேரமாச்சே தம்பி?" என்றேன். "ஊரை ஒரு வாட்டி பாத்துட்டுத்தாங்க படுப்பன்" என்றார்.

இன்னொரு நாள் கூப்பிட்டுக் கிழக்குச் சுவருக்குத் தண்ணீர் விடவில்லையே என்றார். சுவரின் நிறத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். என்னிடம் வேலை செய்கிற சித்தாள் காவேரி அன்றைக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இதெல்லாம் சரி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுகிற பழக்கம் எனக்கு உண்டு. கேமராவுக்குப் பின்பக்கமாகப் போய்த் துண்டை விரித்துப் படுத்தேன். மேலே 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அந்தக் கேமரா தானாகச் சுற்றித் திரும்பும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. காவேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சித்தேரி மலைக்காரி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்:

"சாமி கூடச் சோறு துன்னற நேரத்துல கண்ண மூடிக்கும் மேஸ்திரி, இவரு மூட மாட்டாரு."

மஞ்சள் பூசின வாடகை வீடு

தலைவாசலுக்கு நிலவு, அதாவது வாசற்கால், வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம். மரச்சட்டத்தைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலை கட்டி, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேலே கட்டுவோம். வீட்டுக்காரரும் சம்சாரமும் கையால் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். குமரவேல் வர முடியாது. அதனால் அக்கா போனை நிலவின் மேல் வைத்துப் பிடிப்பது, அவர்கள் அங்கிருந்து கை வைத்த மாதிரி பாவிப்பது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். அக்கா கூப்பிட்டார், கூப்பிட்டார், போன் எடுக்கவே இல்லை. ராகு காலம் நெருங்கியது. பூசாரி அவசரப்படுத்தினார். வேறு வழி இல்லாமல் நிலவை வைத்துவிட்டோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, கரண்டி மட்டப்பலகையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்காவின் போன் அடித்தது. பார்த்தால் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கவிதா பட்டுப்புடவை, குமரவேல் பட்டுவேட்டி, குழந்தை தலையில் பூ. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். அவர்களுக்கு அப்போதுதான் வெள்ளிக்கிழமை விடிந்திருக்கிறது! எங்கள் வெள்ளிக்கிழமை காலை அவர்களுக்கு வியாழக்கிழமை ராத்திரி. நல்ல காரியத்துக்குச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று போனை அணைத்துவிட்டுச் சீக்கிரமே படுத்திருக்கிறார்கள். தினமும் கேமராவில் எங்கள் பகலைப் பார்க்கிற மனுஷர் அவர். ஆபீஸ் வேலையில் மணி தப்பாதவர், சாமி காரியம் என்றதும் வெறும் கிழமையை மட்டும் யோசித்துவிட்டார்.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. "எடுத்துட்டு மறுபடியும் வெக்க முடியாதுங்களா?" என்றார். "வெச்ச நிலவ அசைக்கக் கூடாதுங்க தம்பி" என்றேன்.  பிறகு போனில் படம் ஆடிற்று. அவர்கள் எழுந்து தங்கள் வாடகை வீட்டு வாசலுக்குப் போனார்கள். கவிதா மஞ்சளைக் குழைத்து, அந்த வெள்ளைப் பெயிண்ட் அடித்த கதவுச் சட்டத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் பூசினார், பொட்டு வைத்தார். குமரவேல் ரெண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். இங்கே அக்கா போனை எங்கள் நிலவில் வைத்து அழுத்திப் பிடித்தார். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். கோயிலில்கூட நான் அதைச் சில சமயம்தான் செய்வேன். அங்கே நாயைப் பிடித்துக்கொண்டு போன ஒரு வெள்ளைக்கார அம்மா நின்று ஏதோ கேட்டார். கவிதா பதில் சொல்லி அனுப்பிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்:

"பக்கத்து வூட்டம்மா பெயிண்ட் அடிக்கறீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டன்."

சாரத்தின் மேல் ஒரு பட்டிமன்றம்

மேல்தளச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. நான் சாரத்தின் மேல் நின்றிருக்கும்போது குமரவேல் வீடியோவில் வந்து, சிநேகிதர்கள் வந்திருப்பதாகவும் வீட்டைச் சுற்றிக் காட்டும்படியும் சொன்னார். ஒரு கையில் போனைப் பிடித்துக் காட்டினேன். அந்தக் கூட்டத்தில் அரூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், பெயர் ராஜேஷ். அவர் அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டாராம். அவர் ஆரம்பித்தார்: "ஏன்டா, நீ திரும்பி வரப் போறதே இல்ல. ஊர்ல எதுக்கு இவ்ளோ பெரிய வூடு? பெங்களூர்ல ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டா வாடகையாவது வரும்." இன்னொருவர், "புள்ளைங்க காலேஜ் முடிக்கட்டும், எல்லாரும் போயிடலாம்" என்றார். "இதைத்தான் புள்ளைங்க பால்வாடி போறப்பவும் சொன்ன" என்றார் ராஜேஷ். ஒரு பெண் குரல், "போனா அங்க யாரு இருக்கா? நம்ம கூடப் படிச்சவங்க எல்லாம் இங்கதான் இருக்கறாங்க" என்றது. வயசானால் யார் பார்ப்பது, பிள்ளைகள் தமிழ் பேசுமா, ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அந்த வயிறுகளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நான் மலைத்துப்போய்க் கேட்டுக்கொண்டு நின்றேன். கார் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, வீடு நிறைய சாமான் இருக்கிறது. அத்தனையும் வைத்துக்கொண்டு, ஊர் என்கிற ஒரு சொல் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். பாண்டுச் சட்டியில் என் கலவை இறுகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ராஜேஷ் சொன்னார்: "மேஸ்திரி கையில வூட்ட வுட்டுட்டு இங்க உக்காந்திருக்க. பாதிக் கம்பி அவன் வூட்டுக்குப் போயிருக்கும்." போனைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்தான் என்பதை மறந்துவிட்டார். 'அவன்' என்றார். குமரவேல் ஏதோ சொல்லி அடக்கினார். நான் அந்தப் பெயரை அன்றே மனதில் போட்டு வைத்தேன். போனை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கல் வைக்க ஆரம்பித்தேன். மத்தியானம் வரைக்கும் என் பைக்குள் பட்டிமன்றம் நடந்தது. கீழே இறங்கியதும், என்ன சண்டை என்று காவேரி கேட்டாள். போனவர்கள் திரும்பி வரலாமா வேண்டாமா என்று பேசுகிறார்கள் என்றேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம்:

"எங்க வூட்டுக்காரரும் கேரளாவுக்கு மரம் வெட்டப் போயிருக்கறாரு. வரலாமா வேணாமான்னு ஒரு நாளும் கூடி உக்காந்து பேசுனதில்ல. பஸ்ஸு கெடச்சா வந்துருவாரு."

தெற்குப் பக்கத்து ஜன்னல்

இந்த வீட்டில் நான் கட்டின சுவர் ஒன்றை நானே இடித்தேன். அதைச் சொல்லாமல் விட முடியாது. குமரவேலின் படுக்கையறைக்கு வரைபடத்தில் தெற்கே பெரிய ஜன்னல் போட்டிருந்தது. தெற்கே என்ன இருக்கிறது? தரிசு நிலமும் ஒரு வேப்ப மரமும். கிழக்கே பார்த்தால் சித்தேரி மலை முழுசாகத் தெரிகிறது, மழைக்காலத்தில் மேகம் இறங்கி நிற்கும். வரைந்தவன் திசை மாறிப் போட்டுவிட்டான் என்று நினைத்து, வீட்டுக்காரர் நல்லதுக்கு என்று கிழக்கே ஜன்னலை விட்டுத் தெற்கே அடைத்துவிட்டேன். சாரமும் சாக்கும் மறைத்ததால் கேமராவுக்கும் தெரியவில்லை. அக்கா போனை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். "மலை எப்படித் தெரியுது பாருங்க தம்பி" என்றேன். அவர் மலையைப் பார்க்கவே இல்லை. "தெக்கால சுவரை இடிச்சிடுங்க மேஸ்திரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்கப்புறம் அவர் கூப்பிட்டாலும் நான் எடுக்கவில்லை. அக்கா டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, பக்கத்தில் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அந்த வேப்ப மரத்தடியில்தான் அவர்கள் அப்பாவை அடக்கம் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு அக்கா ஓரமாக நின்று போனைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். குழிக்குள் இறக்குகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது. மறுபடி வரும்போது மண் மூடி மேடாகியிருந்தது. நான் டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். மறுநாள் கிழக்கு ஜன்னல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, தெற்குச் சுவரை இடித்து, வரைபடத்தில் போட்டதை விட ஒரு அடி அகலமாகவே ஜன்னல் வைத்தேன். ஆனால் இதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஏன் மலையைப் பார்க்கப் போகிறேன்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அக்கா அன்றைக்கு எழுந்து போகும்போது சொன்னதும் மறக்கவில்லை:

"அப்பாவ மூடுனத அவன் பாக்கல மேஸ்திரி. அதனால அவனுக்கு அவரு இன்னும் வெளிய நிக்கற மாதிரியே இருக்குதாம்."

முத்திரை இல்லாத ஆள்

தை மாதத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. குமரவேல் விமான டிக்கெட்டும் போட்டுவிட்டார். தரைக்குக் கல் ஒட்டிக்கொண்டிருந்தோம். வீடியோவில் அவர் கூடத்துக் கல்லின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து கவிதா பேச ஆரம்பித்தார். "போறதுக்கு ஒருத்தரும் தடுக்க மாட்டாங்க. திரும்பி வரதுக்கு? உங்க ஆபீஸ்ல ஊருக்குப் போன ஒருத்தர் இன்னும் வந்து சேரல. நீங்க அங்க மாட்டிக்கினு வேலை போச்சுன்னா, நானும் இவளும் இங்க எந்த அனுமதியில இருக்கறது?" அவர் சொன்னது நியாயம்தான். சம்சாரம், குழந்தை எல்லோரும் அங்கே இருப்பது அந்த வேலையை நம்பித்தான். குமரவேல் மெதுவாகச் சொன்னார்: "அப்பா செத்தப்பவும் நீ இதையேதான் சொன்ன."  போனை அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் அதைத் தரைக்கல்லைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டேன். கல் ஒட்டுகிறவர்கள்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது குழந்தையின் குரல் கேட்டது. இனியா அந்த நாட்டிலேயே பிறந்தவள். அவள் பாஸ்போர்ட் அந்த நாட்டுடையது. இந்தியாவுக்கு வர ஆயுசுக்கும் செல்லுகிற அட்டை ஒன்றும் வைத்திருக்கிறாளாம். எனக்கு இது மண்டையில் ஏறவே நேரமாயிற்று. இந்த மண்ணில் பிறந்து இந்த வாய்க்காலில் குளித்தவர் வந்தால் திரும்ப முடியாது. இங்கே ஒரு மழையைக்கூட முழுசாகப் பார்க்காத பெண் எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். யார் போட்ட சட்டமோ, அந்த வீட்டிலேயே சொந்த ஊருக்குப் பயமில்லாமல் வரக்கூடிய ஒரே ஆள் அந்த வெளிநாட்டுக்காரிதான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து அவள் சொன்னாள்:

"அப்பா, சண்டை போடாதீங்க. நான் போயிட்டு வரேன். என்கிட்ட யாரும் முத்திரை கேட்க மாட்டாங்களே."

பால் காய்ச்சின அன்று

குமரவேல் தன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார், இனியா வருவது என்று முடிவாயிற்று. ஆனால் குழந்தையைத் தனியாக அனுப்ப முடியாதே. தன் தம்பி கல்யாணத்துக்கு அரூருக்கு வருகிற ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தார். வேறு யாருமில்லை, அந்த ராஜேஷ்தான். விடிகாலையில் காரை விட்டு இறங்கி, வீட்டை அண்ணாந்து பார்த்து, "வூடு அம்சமா வந்திருக்குதுங்க மேஸ்திரி" என்றார். 'ங்க' வந்துவிட்டது. நாற்காலியை எடுத்துப் போட்டேன். மன்னிப்பதெல்லாம் வேறு விஷயம், அதற்கு இன்னும் நாளிருக்கிறது.

பசுவும் கன்றும் முதலில் உள்ளே போய் வந்தன. இனியா பட்டுப்பாவாடையில், கையில் காமாட்சி விளக்கோடு வந்தாள். அக்கா பக்கத்தில் பால் சொம்போடு, இன்னொரு கையில் போன். அதில் குமரவேலும் கவிதாவும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தடவை கிழமையைச் சரியாகப் பார்த்து, அவர்கள் கணக்குக்கு முந்தின நாளே விரதம் இருந்து காத்திருந்தார்கள்.  குமரவேல் போனுக்கு மிக அருகில் முகத்தை வைத்திருந்தார். நான் புது வேட்டி கட்டி, சாவி வைத்த தாம்பாளத்தோடு வாசலுக்கு உள்பக்கம் நின்றிருந்தேன்.

குழந்தை படியேறி வந்தவள், தலைவாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். விளக்கின் சுடர் அணையாமல் இருக்கக் கையால் மறைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "மேஸ்திரி தாத்தா, நான் உள்ளே வரலாமா?" என்று கேட்டாள். எத்தனையோ வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் உள்ளே போவார்கள், நாம் பந்தியில் இடம் வரும் வரைக்கும் ஓரமாக நிற்போம். உள்ளே வரலாமா என்று என்னைக் கேட்ட வீட்டுக்காரர் ஒருவர்கூடக் கிடையாது.  ராஜேஷ்கூட நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அக்காதான் சொன்னார்: "உன் வூட்டுக்குள்ள போறதுக்கு உன்னை யாரு கண்ணு கேக்கப் போறாங்க? வா."

அவள் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். தாம்பாளத்தில் இருந்த சாவியை அவள் சின்னக் கையில் வைத்தேன்.  அக்காவின் கையிலிருந்த போனிலிருந்து குமரவேலின் குரல் வந்தது:

"அக்கா, இனியாகிட்ட இப்ப சொன்னியே, அத இன்னொரு வாட்டி சொல்லு."

கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு வீடு கட்டுகிற என் தொழில்காரர்களே, சாவியை யார் கையில் கொடுப்பது என்று மட்டும் முன்னாலேயே முடிவு செய்து வைக்காதீர்கள், கடைசியில் வாசலில் வந்து கையை நீட்டுவது நீங்கள் நினைத்த ஆளாக இருக்காது.